பகலுக்கு ஸ்பூன்ஸ், இரவுக்கு வேறு கடை

லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் ‘கிராஸ் கீஸ்’ என்றொரு பப் இருக்கிறது. முன்பு ஹாங்காங் ஷாங்காய் வங்கி இயங்கிய கட்டடம். பளிங்குத் தூண்களும் அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரையும் அப்படியே நிற்கின்றன. பணம் புழங்கிய கூடத்தில் இப்போது பீர் ஊற்றுகிறார்கள். லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மதிய வேளையில் கோட்டு சூட்டு ஆட்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்குப் பக்கத்து மேசையில் சிமென்டுத் தூசி படிந்த பூட்ஸோடு கட்டட வேலைக்காரர்கள், செய்தித்தாளை நாலாக மடித்துக் குறுக்கெழுத்துப் போடும் ஓய்வூதியக்காரர், ஒரு தட்டு சிப்ஸை மூன்று பேராகப் பங்கு போடும் மாணவர்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து சேர்ப்பது விலைப் பட்டியல்தான்.

இது ஜே.டி. வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் கிளை. பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக இந்தச் சங்கிலிக்கு ஏறத்தாழ 800 பப்கள் இருக்கின்றன. ஜனங்கள் செல்லமாக ‘ஸ்பூன்ஸ்’ என்பார்கள். சிலர் அதே பெயரை முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள். சட்டம் படித்துவிட்டு வழக்கறிஞர் தொழிலுக்குப் போகாத டிம் மார்ட்டின், 1979-இல் வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் முதல் கடையை ஆரம்பித்தார். வகுப்பை அடக்கத் தெரியாத தன் பழைய ஆசிரியர் ஒருவரின் பெயரைக் கடைக்கு வைத்தார் என்பது அவரே சொன்ன கதை. 1992-இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024 புத்தாண்டுப் பட்டியலில் அவருக்கு ‘சர்’ பட்டமும் கிடைத்தது.

மலிவு விலைப் பப்பில் போய்க் குடிக்கலாமா என்று இங்கே படிக்க வரும் தமிழ் மாணவர்கள் வந்த சில வாரங்களிலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். போகிற நேரத்தைப் பொறுத்தது என்பேன். பகல் என்றால் தாராளமாகப் போகலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி என்றால் வேறு இடம் பார்ப்பது உத்தமம்.

முதலில் விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று பார்த்துவிடலாம். பிரிட்டனில் பல பப்காரர்கள் கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். ஒரு மதுவடிப்பு ஆலையோ பெரிய பப் கம்பெனியோதான் உரிமையாளர். வாடகையும் கொடுக்க வேண்டும். பீரையும் அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். ‘டை’ என்று இந்தக் கட்டுக்குப் பெயர். ஆறு பெரிய ஆலைகளின் கையில் பப்கள் குவிந்து கிடந்ததால் 1989-இல் அரசாங்கம் ‘பீர் ஆணைகள்’ கொண்டுவந்து அவற்றின் பிடியைத் தளர்த்தியது. ஆலைகள் கைவிட்ட பப்களைப் புதிய பப் கம்பெனிகள் அள்ளிக்கொண்டன. கட்டு மட்டும் போகவில்லை. தெருமுனையில் பப் நடத்தும் தம்பதி ஒரு பீப்பாய்க்குக் கொடுக்கும் விலை, வெளிச்சந்தை விலையைவிட இன்றும் கணிசமாகக் கூடுதலாக இருக்கலாம். ஸ்பூன்ஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 800 கடைக்கும் சேர்த்து நேரடியாகக் கொள்முதல்; இடங்களில் பெரும்பகுதி சொந்தம். ஒரு பைண்ட் பீர் சராசரியாக 5 பவுண்டைத் தொடும் காலத்திலும் லண்டனுக்கு வெளியே பல ஊர்களில் 3 பவுண்டுக்குள் ‘ஏல்’ வகைப் பீர் கொடுக்க முடிவது இதனால்தான். 2009 ஜனவரியில் ஒரு பைண்டை 99 பென்ஸுக்கே விற்று மற்ற பப்காரர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டார்கள்.

விலை மலிவாக இருப்பதால் ஒரு வதந்தியும் கூடவே சுற்றுகிறது: காலாவதி ஆகப்போகிற பீரைச் சல்லிசாக வாங்கி ஸ்பூன்ஸ் விற்கிறதாம். பீப்பாய் ஏல் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தவர் இதை நம்பமாட்டார்.

கைப்பம்பில் வரும் ஏல் உயிருள்ள சரக்கு. பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சியில் வைத்திருந்து, பார்மேசையில் இருக்கும் மரக் கைப்பிடியைப் பிடித்து ஊழியர் நிதானமாக இழுப்பார். கண்ணாடி டம்ளரின் அடியில் முதலில் வெறும் கலங்கலாகத் தெரியும். இரண்டாவது இழுப்பில் மேலே நுரை திரளும். ஓரிரு நிமிஷத்தில் கலங்கல் கீழிருந்து தெளிந்துகொண்டே மேலேறும். ஐஸ் போட்டது போல் ஜில்லென்று லாகர் குடித்துப் பழகியவர்கள் முதல் வாயிலேயே “என்ன, வெதுவெதுன்னு சப்புன்னு இருக்கு?” என்பார்கள். அதன் பக்குவமே அதுதான்.

பீப்பாயைத் திறந்து பம்பில் இணைத்த பிறகு காற்று உள்ளே போகத் தொடங்குகிறது. மூன்று நாளுக்குள் தீர்ந்தால் நல்லது. தாண்டினால் புளிப்பு ஏறும், கடைசியில் வினிகர் வாடையே வந்துவிடும். வழக்கமான சின்னப் பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். கூட்டமில்லாத பப்பில் அது ஒரு வாரம் இழுக்கும். ஸ்பூன்ஸ் போன்ற கடையில், நன்றாகப் போகிற ஏல் என்றால், ஒரே நாளில் காலி. ஆக, மலிவாக விற்பதாலேயே சரக்கு புதிதாக இருக்கிறது. நல்ல பீப்பாய் ஏலுக்காக 1971 முதல் போராடிவரும் ‘காம்ரா’ அமைப்பின் ஆண்டு வழிகாட்டி நூலில் இந்தச் சங்கிலியின் கிளைகள் ஏராளமாக இடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கவனம் வேண்டும். பெரிய கிளையில் பத்துப் பன்னிரண்டு பம்புகள் வரிசையாக நிற்கும். அத்தனையும் வேகமாக ஓடாது. வருகிறவர்களில் பாதிப் பேர் லாகரோ சைடரோ கேட்கிற ஊரில், ஓரத்துப் பம்பில் இருக்கும் விநோதமான ஏல் நாலு நாளாக அசையாமல் கிடக்கலாம். அதனால் பம்பின் மேலே மாட்டியிருக்கும் வண்ண வில்லையைப் பார்த்து மயங்காமல், “இன்றைக்கு எது வேகமாகப் போகிறது?” என்று கேளுங்கள். கொஞ்சம் ருசி பார்க்கக் கேட்டால் சின்னக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள், காசில்லை. வாங்கிய பைண்ட் புளித்திருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுக்கலாம், வேறு மாற்றித் தருவார்கள். நம் ஆட்கள் இதற்கு ரொம்பத் தயங்குகிறார்கள். வாங்கிவிட்டோமே என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நுரை அதிகமாகி அளவு குறைந்திருந்தால் நிரப்பித் தரச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

பகல் நேரத்தை நான் ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால், காலை பதினொரு மணி ஸ்பூன்ஸ் ஒரு பொதுக்கூடம். பெரும்பாலான கிளைகளில் பாட்டே போடுவதில்லை. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு லண்டன் நாளிதழில் தனக்குப் பிடித்த கற்பனைப் பப் பற்றி எழுதினார். பெயர் ‘மூன் அண்டர் வாட்டர்’. அங்கே வானொலியும் இல்லை, பியானோவும் இல்லை, நிம்மதியாகப் பேசலாம். வெதர்ஸ்பூன் ஆரம்பக் காலத்தில் கடைக்குக் கடை ‘மூன்’ என்று பெயர் வைத்ததற்கு அந்தக் கட்டுரைதான் காரணம். மான்செஸ்டரில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை மாற்றித் திறந்த பிரம்மாண்டமான கிளைக்கு முழுப் பெயரையே வைத்தார்கள். அமைதி என்ற வரத்தை நிறுவனம் அப்படியே எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளரின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் பணிப்பெண்கள் என்று ஆர்வெல் கேட்ட இன்னொரு வரம் மட்டும் இங்கே கிடைப்பது அபூர்வம்.

ஒரு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு இயந்திரத்தில் மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் வசதி பல ஆண்டுகளாக இந்தச் சங்கிலியின் பெரிய கவர்ச்சி. குளிர்காலத்தில் தனியாக வாழும் முதியவர்கள் வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒருவரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. தனியாக வரும் பெண்ணும் இங்கே யாருடைய பார்வைக்கும் விநோதமாகப் படுவதில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தாலும் சரி.

கட்டடங்களுக்காகவும் இவர்களைப் பாராட்டலாம். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் 1902-இல் கட்டிய ஓபரா அரங்கு சினிமாவாகி, பிங்கோ கூடமாகி, 1996-இல் பப் ஆனது. பால்கனியும் தனி மாடங்களும் இன்றும் இருக்கின்றன. ராம்ஸ்கேட் கடற்கரையில் 1904-ஆம் ஆண்டு எழுந்த ராயல் விக்டோரியா பெவிலியன் பல வருஷம் பாழடைந்து கிடந்தது. 2017-இல் பழுது பார்த்துத் திறந்தார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய பப் என்று இப்போது அதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு கிளைக்கும் தரைவிரிப்பைக்கூடத் தனித்தனியாக வடிவமைக்கிறார்கள். அந்த விரிப்புகளைப் படமெடுத்து ஒருவர் 2016-இல் புத்தகமே போட்டுவிட்டார். இவ்வளவு பெரிய கட்டடங்களில் உள்ள ஒரே சிரமம் கழிப்பறை. இரண்டு மாடி ஏறி, மூன்று கதவு தாண்டி, ஒரு நடையும் நடந்தால்தான் வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்காரும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி மறுபக்கம். இவ்வளவு மலிவாக விற்கும் கடைகள் எங்கேயோ மிச்சம் பிடித்தாக வேண்டும். மலிவு விலைச் சங்கிலி எதிலும் அது ஆள் எண்ணிக்கையில்தான் முதலில் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் பார்மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள். முன்னால் நாற்பது பேர். மேசை துடைக்க ஆளிருக்காது. ஒரு சங்கிலிக் கடையில் சாப்பாடு சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருக்க, முந்தைய கூட்டத்தின் காலி கிளாஸ்கள் கடைசிவரை என் மேசையைவிட்டு நகரவேயில்லை. அந்த ஊழியர்களைக் குறை சொல்ல மனம் வராது. 2018 அக்டோபரில் பிரைட்டன் நகரின் இரண்டு ஸ்பூன்ஸ் கிளை ஊழியர்கள், துரித உணவுக் கடைத் தொழிலாளர்களோடு சேர்ந்து ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பப்கள் மூடியபோது, டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டில் வேலை கிடைத்தால் போகலாம் என்ற ரீதியில் டிம் மார்ட்டின் ஊழியர்களிடம் பேசியது பெரிய சர்ச்சையானது. பிரெக்ஸிட்டை ஆதரித்து அவர் பீர் அட்டைகளில்கூடப் பிரசாரம் அச்சடித்தவர். இந்தக் காரணங்களுக்காகவே அந்தப் படியை மிதிக்காத ஆங்கிலேயர்கள் பலர் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் வரி விஷயத்தில் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது: சூப்பர்மார்க்கெட் விற்கும் பெரும்பாலான உணவுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, பப் சமைத்துத் தரும் உணவுக்கு 20 சதவீதம். அந்த மிச்சத்தை வைத்துத்தான் சூப்பர்மார்க்கெட்டுகள் பீர் விலையைக் குறைக்கின்றன என்கிறார்.

சாப்பாடு பற்றி ஒரு பத்தி போதும். காலை உணவு நம்பி வாங்கலாம். முட்டையும் பீன்ஸும் தோசைக்கல்லுக்கு ஏங்கும் வயிற்றையும் நிரப்பும். வியாழக்கிழமை ‘கறி கிளப்’ என்று டிக்கா மசாலா, நான், அப்பளம், கூடவே ஒரு பானம் எல்லாம் ஒரே விலையில் வரும். ஆங்கிலேயர்களுக்கு அது வாராந்தரத் திருவிழா. குழம்பு வெளியே தயாராகி வந்து கிளையில் சூடு மட்டும் ஆகிறது என்பதை லண்டனில் நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ சாப்பிட்டுப் பழகிய நாக்கு முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

கைப்பேசிச் செயலி 2017-இல் வந்தது. மேசை எண்ணைத் தட்டிவிட்டுக் காசு கட்டினால் பானம் தேடி வரும். புதிதாக வந்த மாணவருக்கு இது பெரிய ஆறுதல். பார்மேசையில் முட்டி மோதி, இரைச்சலுக்கு மேலே கத்தி, ஊழியர் “என்ன?” என்று மூன்று முறை கேட்கிற அவஸ்தை இல்லை. ஆனால் ஒரு நஷ்டமும் இருக்கிறது. பிரிட்டிஷ் பப்பில் பழக்கம் ஏற்படுவதே அந்தப் பார்மேசையில்தான். யாருக்கு முன்னால் யார் வந்தார் என்று கண்ணாலேயே கணக்கு வைத்து, “அவர்தான் அடுத்து” என்று முன்பின் தெரியாதவர் உங்களைக் காட்டிவிடும் இடம் அது. நண்பர் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்துபோய் எல்லோருக்கும் வாங்கி வரும் ‘ரவுண்டு’ முறையும் செயலியில் அவரவர் தனித்தனியே தட்டிக்கொள்வதால் தேய்கிறது. நாலு பேர் மேசையில் நாலு பேரும் குனிந்து திரையைப் பார்ப்பது ராத்திரி ஸ்பூன்ஸின் சகஜமான காட்சி.

வாரக் கடைசி இரவுகளை நான் தவிர்ப்பதற்குக் கூட்டமும் சத்தமும் மட்டும் காரணம் அல்ல. ஊரிலேயே விலை குறைந்த இடம் என்றால், அடுத்துக் கிளப்புக்குப் போகப்போகிறவர்கள் முதலில் வந்து நிரப்பிக்கொள்ளும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். பாட்டில்லாத பெரிய கூடத்தில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கல்யாணப் பந்தி மாதிரி இரைகிறது. வாசலில் பாதுகாவலர் நிற்பார். பேச்சுத் துணைக்கென்று போனவருக்கு அங்கே வேலையில்லை.

மலிவின் இன்னொரு தந்திரம் எண்ணிக்கையில் இருக்கிறது. 6 பவுண்டு பைண்ட் தானாகவே இரண்டோடு நிறுத்திவிடும். 3 பவுண்டு பைண்டுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டே நாலாவதுக்குப் போய்விடுகிறோம். பிரிட்டன் மருத்துவ அதிகாரிகள் 2016-இல் வகுத்த வரம்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கு 14 யூனிட் ஆல்கஹால். 4 சதவீத ஏல் ஒரு பைண்டில் 2.3 யூனிட்; ஆறு பைண்டில் வாரக் கணக்கு முடிந்தது. 5 சதவீத லாகர் என்றால் ஐந்திலேயே முடிந்துவிடும். ஒரே மாலையில் ஒரு வாரத்துக் கணக்கைத் தீர்ப்பவர்களை எந்த மலிவு விலைப் பப்பிலும் பார்க்கலாம்.

சட்டம் தருகிற சில வசதிகள் பலருக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பப்பில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். அரை பைண்ட் பீர், 125 மில்லி ஒயின் போன்ற சின்ன அளவுகளையும் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பட்டியலில் பெரிய அளவே முன்னால் நின்றாலும் கேட்டு வாங்கலாம். நாலு வகை ஏல் ருசி பார்க்க ஆசை என்றால் நாலு அரை பைண்ட்தான் புத்திசாலித்தனம். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் வயதுச் சான்று கேட்பார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அதற்காகப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பப்புக்குப் போய்த் தொலைத்துவிட்டு அலைய வேண்டாம். ‘பாஸ்’ (PASS) முத்திரை கொண்ட வயதுச் சான்று அட்டை தனியாகக் கிடைக்கிறது, விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பார்மேசையில் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. விலை விஷயத்தில் ஸ்காட்லாந்தில் கதை வேறு. அங்கே 2024 செப்டம்பர் 30 முதல் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தபட்சம் 65 பென்ஸ் என்று சட்டமே விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. வண்டி ஓட்டுபவருக்கான ரத்த வரம்பும் குறைவு: இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50. கார் சாவி கையில் இருந்தால் இரண்டு நாட்டிலும் காப்பியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. விமான நிலையத்து ஸ்பூன்ஸையும் மலிவு என்று நம்பிப் போகாதீர்கள். கிளைக்குக் கிளை விலை மாறும், அங்கே ஏகத்துக்கு ஏறும்.

காசும் குறைய வேண்டும், பழைய பப்பின் முகமும் வேண்டும் என்பவர்களுக்கு லண்டனில் இன்னொரு வழி உண்டு: சாமுவேல் ஸ்மித். யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் 1758 முதல் இயங்கும் குடும்ப ஆலை. தன் பப்களில் பெரும்பாலும் தன் சரக்கையே விற்பதால் மத்திய லண்டனிலும் விலை சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவு. ஹோல்போர்னில் இருக்கும் ‘பிரின்சஸ் லூயிஸ்’ போய்ப் பாருங்கள். விக்டோரியா காலத்துச் செதுக்குக் கண்ணாடியும் ஓடுகளும் வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஆறு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். பாட்டில்லை, டிவியும் இல்லை. கைப்பேசியை எடுத்தால் வைக்கச் சொல்வார்கள். ஆலை முதலாளி 2019-இல் போட்ட உத்தரவு. கெட்ட வார்த்தை பேசவும் தடை. நண்பர்களோடு போகும் இரவுக்கு இதைவிடத் தோதான மலிவு இடம் எனக்குத் தெரியவில்லை.

2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் 60 ஆயிரத்துக்கும் மேல் பப்கள் இருந்தன. இப்போது 45 ஆயிரம் அளவில் வந்து நிற்கின்றன. மூடியதில் பெரும்பகுதி தெருமுனைக் கடைகள். ஸ்பூன்ஸும் சமீப ஆண்டுகளில் கிளைகளைக் குறைத்துக்கொண்டது, ஆனால் தாக்குப்பிடிக்கும். நீங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு பப் இருந்தால், மாதத்துக்கு ஒரு மாலையாவது அங்கே போய் இரண்டு பவுண்டு கூடுதலாகக் கொடுத்து ஒரு பைண்ட் வாங்குங்கள். மூன்றாவது மாதம் அந்தப் பப்காரர் உங்கள் பெயரைக் கேட்பார்.